கால் பட்டால்

உலான்கோமில் நான் முதலில் கற்ற வாக்கியம்
ஜெபம் அல்ல. “அமா ஆங்கை.”
வாயைத் திற.
சுவிசேஷம் சொல்ல அனுப்பினார்கள்;
பல் பிடுங்கினேன்.
இரண்டு குளிர்காலத்தில் ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு.
அந்த எண்ணிக்கை சரியானது.
தலைமை அலுவலகத்துக்கு எழுதிய மற்றவை,
கர்த்தர் பெரிய காரியங்களைச் செய்கிறார்,
வாசல்கள் திறக்கின்றன,
இவையெல்லாம் அவ்வளவு சரியல்ல.
திறந்தவை வாய்கள்தாம்.

மைனஸ் நாற்பதில் இமைகள் ஒட்டிக்கொள்ளும்.
முழங்காலில் நிற்பேன், தினமும், பழக்கத்தால்,
பேருந்து ஓடுவது நின்றுபோன நிறுத்தத்தில்
நிற்பவளைப் போல.

காய்ச்சலில் நான் கிடந்த வாரம்
யாரோ கதவருகே காய்ந்த சாணம் வைத்துப் போனார்கள்,
மூன்று மூட்டை, அடுப்புக்கு.
யாரென்று கேட்டேன். எல்லோரும் வானிலை பேசினார்கள்.
இதை அறிக்கையில் எந்தப் பத்தியில் எழுதுவது?

ஞாயிறுகளில் நர்மந்தாக்கின் கூடாரத்தில் கூடுவோம்.
ஒன்பது பேர், ஓர் இரும்பு அடுப்பு,
உப்புப் போட்ட பால் தேநீர்.
திராட்சரசத்துக்குப் பதில் சட்சர்கானா பழச்சாறு,
மஞ்சளாய், பல் கூசும் புளிப்பில்.
அப்பத்துக்கு ஆட்டுக்கொழுப்பில் பொரித்த போர்ட்சாக்.
இது செல்லுமா என்று முதல் வாரம் கேட்டேன்.
“வேறென்ன இருக்கிறது?” என்றாள் நர்மந்தாக்.

அவள் கணவன் கல்சான் கதவோரம் உட்காருவான்.
எண்ணெய் லாரி ஓட்டுபவன்.
பாடமாட்டான், தலை குனியமாட்டான்.
சூட்டுக்காக வருகிறேன் என்பான்,
கூடாரமே அவனுடையது என்றாலும்.

அன்று ஜெபிக்கும் முறை எனக்கு.
எழுந்தேன். மங்கோலிய வார்த்தை வரவில்லை.
தமிழிலும் வரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.
அடுப்புக்குள் ஏதோ வெடித்தது.
ஒரு குழந்தை விக்கியது.
குனிந்த தலைகள் என் ஆமெனுக்குக் காத்திருக்க,
வெளியே போய்விடலாமென்று திரும்பியவள்
கல்சானின் பூட்ஸை மிதித்துவிட்டேன்.

நமக்குக் கால் பட்டுவிட்டால்
தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும்.
அவர்களுக்குக் கை கொடுக்க வேண்டும், உடனே;
கொஞ்சம் தாமதித்தாலும்
இடையில் பகை வந்து உட்கார்ந்துகொள்ளும்.
நான் குனிந்தேன். அவன் கை நீட்டினான்.
நடுவழியில் என் நெற்றி அந்தக் கையில் முட்டியது,
பனி தின்று இரண்டு விரல் போன கை, டீசல் மணக்கும் கை.
குனிந்திருந்த தலைகள் எல்லாம் சிரித்தன.
நானும்.
எத்தனை மாதத்துக்குப் பிறகு என்று எண்ணவில்லை.

“யார்மேல் கோபம்?” என்றான், கையை விடாமல்.
“மேலே இருப்பவன்மேலா?
மிதித்தது நீயா, அவனா?”
தெரியவில்லை என்றேன்.
“தெரியவேண்டாம். கை கொடு, அவ்வளவுதான்.
எங்கள் வழக்கம் அவனுக்குத் தெரியாமலா இருக்கும்?”
சொல்லிவிட்டு ஒரு போர்ட்சாக்கை எடுத்துக் கடித்தான்.
அது திருவிருந்துக்கு வைத்தது என்று
நர்மந்தாக் கத்தினாள்.
மென்றுகொண்டே இருந்தான்.

ஐக்கியம் என்ற சொல்லை
எத்தனையோ மேடைகளில் மைக்கோடு கேட்டிருக்கிறேன்.
அதற்கு இப்படி ஒரு வாசனை உண்டென்று
யாரும் சொன்னதில்லை.

திங்களன்று அவனே வந்தான், கடைவாய் வீங்கி.
அமா ஆங்கை என்றேன்.
ஊசி எடுக்கும்முன் கண்ணை மூடினேன்.
வார்த்தை இல்லை.
கை நீட்டுவதுபோல் ஏதோ ஒன்று, அவ்வளவே.
அப்போது பார்த்து மின்சாரம் போயிற்று.

டார்ச்சைத் தேடிப் பிடித்து ஏற்றியபோது
இருட்டு முழுவதும்
அவன் வாயைத் திறந்தபடியே காத்திருந்தது தெரிந்தது.